ரோஸ் வராத தண்ணீர்

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், நீச்சல் குளம் உள்ள ஒரு அடுக்குமாடியில். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதை முதன்முதலில் சொன்னபோது, அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு சிரித்தார். "ரெண்டு பக்கமும் ஆறு ஓடுது, நடுவுல உக்காந்துக்கிட்டுத் தொட்டி கட்டிக் குளிக்கிறீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கேட்டது மே மாதத்தில். அந்த மாதம் காவிரியில் ஓடுவது கிரிக்கெட் பந்து மட்டும்தான்.

குளம் என்று சொல்வதும் பில்டர் அடித்த வண்ண நோட்டீஸின் பெருந்தன்மை. நீளம் பன்னிரண்டு மீட்டர். ஆழம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நாலரை அடி. பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம், ஒரு ஃபில்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி.

இதற்கு நான் பொறுப்பாளர் ஆனது என் வாயால். போன வருஷக் கூட்டத்தில் குளத்தை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்ரீரங்கத்துல குளம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு அறங்காவலர் வேணுமே" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எங்கள் சங்கத் தலைவர், மூன்றாவது மாடி மாமா, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், சிரிக்கவில்லை. "பேஷ். நீரே இரும்" என்று சொல்லி நோட்டில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீருக்கு மருந்து போடுவது, மோட்டார் போடுவது, செத்த தட்டாரப்பூச்சியை வலையில் அள்ளுவது எல்லாம் நான்.

முதல் ஆறு மாதம் இதை ஒரு தண்டனையாகத்தான் செய்தேன். அப்புறம் என் மனைவி அந்தத் தண்ணீரில் இறங்கினாள்.

அவள் வையம்பட்டிக்காரி. அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் அவளுடைய மூன்று அண்ணன்களும் ஏழு வயதுக்குள் நீச்சல் பழகிவிட்டார்கள். முதுகில் காலி டப்பாவைக் கட்டி மேலேயிருந்து தள்ளிவிடுவது அந்த ஊர் பாடத்திட்டம். பெண்பிள்ளைக்கு அங்கே கொடுத்திருந்த வேலை, மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அண்ணன்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்குக் காவல். காவல் காத்தே வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் கிலி. ஆற்றில் வெள்ளம் போகும் நாளில் எங்கள் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். பாலம் முடிந்த பிறகுதான் விடுவாள். என் சட்டைகளில் இடது கை மட்டும் கசங்கியிருக்கும்.

போன பொங்கல் கழிந்து, முதல் மாடியில் இருக்கும் பி.டி. டீச்சரம்மா கட்டிடத்துப் பெண்களுக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன் என்றார். ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் என் மனைவி. நாற்பத்தாறு வயதில், முழங்கால் வரை இறங்கும் கறுப்பு நீச்சல் உடையும் தலைக்கு ரப்பர் தொப்பியும் போட்டுக்கொண்டு அவள் லிஃப்டிலிருந்து வெளியே வந்த நாளில் நான் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டேன்.

நாலரை அடித் தண்ணீரில் ஐந்தடி மனுஷிக்கு என்ன பயம் என்று கேட்கலாம். பயம் டேப் வைத்து அளந்துவிட்டு வருவதில்லை. சித்திரை பிறந்தபோது அவள் பாதி நீளம் நீந்திக்கொண்டிருந்தாள். சரியாகப் பாதியில், சுவரும் எட்டாமல் திரும்பவும் முடியாமல் இருக்கும் இடத்தில், கால் தானாகத் தரையைத் தேடும். நின்றுவிடுவாள். நின்று, யாரும் பார்க்காத மாதிரி தொப்பியைச் சரி செய்வாள்.

அந்தச் சமயத்தில்தான் வருடாந்திரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்தது. தீர்மானம் நான்கு: குளத்தை யாரும் பயன்படுத்தாததால் மேலே சிலாப் போட்டு மூடி, டூ வீலர் நிறுத்தும் இடமாக்குவது. பெண்கள் ஐந்து பேரும் பி.டி. டீச்சர் வீட்டில் கூடிப் பேசினார்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, குளத்துக்கு எதிரே இருக்கும் ஹாலில். அதற்கு முன்னால் ஒன்பது மணிக்கு எல்லோரும் பார்க்க ஐந்து பேரும் ஒரு முழு நீளம் நீந்திக் காட்டுவது என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து என் மனைவி என்னிடம் மட்டும் சொன்னாள். "நான் நடுவுல நிக்கப்போறதில்லைங்க. சுவரைத் தொட்டுட்டுத்தான் எந்திரிப்பேன். தண்ணியை மட்டும் நீங்க பாத்துக்குங்க."

தண்ணியை மட்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

கூட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், கட்டிடத்துப் பெரியவர்கள் வீடுகளுக்கு லீவுக்கு வந்திருந்த பேரன் பேத்திகள் சேர்ந்து குளத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாடினார்கள். கேக்கில் பாதி வாயிலும் மீதி தண்ணீரிலும் போயிருக்க வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி மங்கியிருந்தது. என் கையில் சோதனை டப்பா ஒன்று உண்டு. விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, ஒரு சின்ன மாத்திரையைப் போட்டுக் குலுக்க வேண்டும். க்ளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் ஆகும். எவ்வளவு ரோஸ் என்பதை அட்டையில் இருக்கும் கட்டங்களோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். அன்றைக்கு ரோஸ் வரவே இல்லை. க்ளோரின் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. அந்த முதல் சோதனை உண்மைதான். பின்னால் நடந்த எல்லாக் கூத்துக்கும் அந்த ஒரு உண்மைதான் காரணம்.

காந்தி மார்க்கெட் தாண்டி ஒரு கடை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தண்ணீர் மருந்து சப்ளை செய்கிறவர். என் வயதுதான் இருக்கும். யார் உள்ளே நுழைந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை "பயப்படாதீங்க". அதைக் கேட்கும்வரை எனக்குப் பயமே இருக்காது.

நிலவரத்தைச் சொன்னேன். "குளத்துக்குப் பசி சார்" என்றார்.

"என்னது?"

"அழுக்கு சேந்துட்டா குளம் க்ளோரினைச் சாப்பிட ஆரம்பிச்சுடும். போடப் போடச் சாப்பிடும். பசி அடங்குறவரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். பசி அடங்கினா ரோஸ் வரும். ரோஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்புறம், இன்னொண்ணு. நம்ம ஊரு வெயிலுக்குக் க்ளோரின் பறந்துடும். ஒரு தார்ப்பாய் போட்டு மூடி வைங்க."

எனக்கு இது பிடித்துவிட்டது. விருந்துக்கு வந்தவர் போதும் என்று சொல்லும்வரை பரிமாறுவது நமக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். அவர் கொடுத்த வெள்ளைக் குருணையை வாளித் தண்ணீரில் கரைத்து, திங்கட்கிழமை சாயங்காலம் குளத்தைச் சுற்றி ஊற்றினேன். வாட்ச்மேன் அண்ணனும் நானும் சேர்ந்து நீலத் தார்ப்பாயை இழுத்து மூடி நாலு பக்கமும் செங்கல் வைத்தோம். 'பராமரிப்பு, இறங்கக் கூடாது' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். நானே ஒரு மருத்துவர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

செவ்வாய் காலை மாத்திரை போட்டேன். ரோஸ் வரவில்லை. பசி அடங்கவில்லை. மறுபடி ஊற்றினேன்.

புதன் காலை தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். மூக்கில் சுள்ளென்று ஏறிய நெடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாத்திரை போட்டேன். குழாய்த் தண்ணீர் பளிங்கு மாதிரி நிறமே இல்லாமல் நின்றது. ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பாலம் தாண்டிக் கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு கூட்டம் நடந்தது. அதில் தீர்மானம் நான்கு ஏகமனதாக நிறைவேறியது. மாமா என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

கடைக்காரர் தன்னுடைய குழாயில், தன்னுடைய மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். நிறமில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஜீரோ சார்."

"ஆனா நெடி தூக்குதே."

"நெடி அடிச்சா க்ளோரின் பத்தலைன்னு அர்த்தம்."

"அப்ப நெடி அடிக்கலைன்னா?"

"அதுவும் பத்தலைன்னுதான் சார்." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் யோசித்தார். "பயப்படாதீங்க. இந்தத் தடவை ரெட்டிப்பாப் போடுங்க."

ரெட்டிப்பாகப் போட்டேன். இந்த இடத்தில் என் அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை வாட்ச்மேன் அண்ணன் என்னிடம் வந்து, "சார், நேத்து மூடும்போது ஓரத்துல வழிஞ்சதை என் துண்டால தொடச்சேன். செவப்புத் துண்டு சார். இப்பப் பாருங்க" என்று ஒரு துண்டைக் காட்டினார். நடுவில் பனியன் வெள்ளை. நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயம் சரியில்லண்ணே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன். அன்றைக்கு நானே போட்டிருந்த நீல அரைக்கால் சட்டையின் விளிம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அதையும் பார்த்தேன். என் மனைவி சோப்பு மாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். துண்டு, டிராயர், மூக்கு, கண் என்று நாலு சாட்சிகள் சத்தியம் செய்கின்றன. நானோ ஒரு மாத்திரையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு அத்தனை பேரையும் பொய்யர்கள் என்று துரத்திவிட்டேன்.

வீட்டில் அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. குளம் மூடியிருந்ததால் பயிற்சி நின்றுபோய் நாலு நாள் ஆகியிருந்தது. பாத்ரூமில் ஒரு வாளியை ஸ்டூல் மேல் வைத்து, அதற்குள் முகத்தை அமிழ்த்தி மூச்சு விடப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்க்கப் போனால் வாளிக்குள்ளிருந்து குமிழி சத்தம் வரும். தலையைத் தூக்கி, முகத்தில் வழியும் தண்ணீரோடு, "ரோஸ் வந்துச்சா?" என்பாள். நான் பிரஷை வாயில் வைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதியிருந்தேன். காலையில் குழாயில் தண்ணீரை மொண்டுகொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். குளத்துப் பக்கம் வெயில் கண்ணைக் கூசுவதால் சோதனையை எங்கள் சமையலறை மேடையில்தான் செய்வேன். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடி. இரண்டாவது திருப்பத்தில் செருப்பு வழுக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குழாய் உடையவில்லை. உள்ளே இருந்ததில் முக்கால்வாசி என் சட்டை மேல் கொட்டிவிட்டது. அடியில் ஒரு ஸ்பூன் அளவு நின்றது.

திரும்பவும் கீழே இறங்கி மேலே ஏற வேண்டும். என் வயதும் என் வயிறும் தெரிந்தவர்கள் அடுத்து நான் செய்ததை மன்னிப்பார்கள். எப்படியும் ஜீரோதானே வரப்போகிறது, ஜீரோவில் என்ன கலப்படம் என்று சமையலறைக் குடிதண்ணீர் கேனிலிருந்து குழாயை நிரப்பி, மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன்.

பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி ரோஸ் வந்தது.

எனக்கு முதலில் தோன்றியது, இத்தனை நாளாகக் கேன் தண்ணீர் என்ற பேரில் நாங்கள் க்ளோரினைக் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். ஏற்கெனவே எரிகிற மாதிரியும் இருந்தது. கேன்காரருக்குப் போன் போட எடுத்துவிட்டேன். என் மனைவி போனை வாங்கி மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

"கேன் தண்ணியை மட்டும் தனியா ஊத்திப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தேன். நிறமே இல்லை. அதாவது கேனில் க்ளோரின் இல்லை. குளத்திலும் இல்லை. இல்லாத இரண்டும் சேர்ந்தால் பீட்ரூட் வருகிறது. எங்கள் மாமா இதற்கு என்ன கணக்குச் சொல்லியிருப்பாரோ தெரியாது. என் மனைவி அப்போது கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"மொளகாப் பொடியை ஒரு சிட்டிகை நாக்குல வெச்சா காரம் தெரியும். ஒரு கரண்டியை அள்ளி வாயில போட்டுக்கிட்டா என்ன தெரியும்? நாக்கு மரத்துப்போகும், ஒண்ணும் தெரியாது. உங்க மாத்திரைக்கு நாக்கு மரத்துப்போச்சோ என்னமோ."

நான் அவளையே பார்த்தேன். கீழே ஓடினேன். ஒரு மக் தண்ணீரோடு மேலே ஓடி வந்தேன். இந்த முறை மாடிப்படி எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு ஸ்பூன் குளம், ஒன்பது ஸ்பூன் கேன். மாத்திரை. ரோஸ். அட்டையில் வைத்துப் பார்த்தால் மூன்று. பத்து மடங்கு கலந்தது, ஆகவே குளத்தில் முப்பது. இருக்க வேண்டியது ஒன்றிலிருந்து மூன்று. க்ளோரின் இல்லாததால் ரோஸ் வராமல் போகவில்லை. அளவுக்கு மீறிக் கிடந்த க்ளோரின் அந்த ரோஸ் நிறத்தையே வெளுக்கடித்திருக்கிறது. துண்டை வெளுத்த மாதிரி. டிராயரை வெளுத்த மாதிரி. குளம் போதும் போதும் என்று இலையை மூடிய பிறகும், இலையைப் பிரித்து நான் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மாத்திரை ரோஸ் ஆகவில்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தெளிந்திருந்தால் திறந்துவிடுவோம் என்று உள்ளூர ஒரு எண்ணம் வைத்திருந்தேன். வாளியில் முகத்தை அமிழ்த்திப் பழகியவளை அந்தத் தண்ணீரில் நானே இறக்கியிருப்பேன். அதை அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் உருவிய கறிவேப்பிலையைத் தட்டில் போட்டாள். பிறகு, "பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா நிறம் கொஞ்சம் கம்மின்னு சொன்னாங்கள்ல. அதுக்கு இருபத்தி மூணு வருஷம் கழிச்சு வழி பண்றீங்களாக்கும்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "ரெண்டு நாள் இருக்கு. எறக்க முடியுமா?"

எப்படி இறக்குவது என்பதைச் சொன்னவர் அதே கடைக்காரர்தான். நம்ம ஊரு வெயிலுக்குக் க்ளோரின் பறந்துடும், மூடி வைங்க என்றாரே. அவர் சொன்னதில் முதல் பாதி சத்தியம். வாட்ச்மேன் அண்ணனும் நானும் தார்ப்பாயை உருவி எறிந்தோம். குளத்திலிருந்து அரை அடித் தண்ணீரை வெளியேற்றி போர் தண்ணீரை விட்டோம். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டோம். மீதியைத் திருச்சி வெயிலிடம் ஒப்படைத்தோம். வருஷா வருஷம் இந்த வெயிலைத் திட்டுவதே என் வேலை. அன்றைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையைக் கிளப்பு ராசா என்று அதற்கு உற்சாகம் கொடுத்தேன். ஒரு மேகம் வந்தபோது நான் எழுந்து நின்று அதை முறைத்ததை வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டார். போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மணிக்கு ஒரு சோதனை. முப்பது இருபதானது, பன்னிரண்டானது. சனிக்கிழமை காலை ஆறுக்கு வந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பாலத்தில் வசனம் எல்லாம் தயார் செய்துகொண்டேன். வியாழக்கிழமைத் தண்ணீர் கொஞ்சம், என் சொந்த எச்சரிக்கை உணர்வினால் அல்ல, கழுவாமல் விட்ட சோம்பலால், மூடி போட்ட பாட்டிலில் மோட்டார் ரூம் இருட்டில் இருந்தது. அதை எடுத்துப் போயிருந்தேன். அவர் "பயப்..." என்று ஆரம்பிப்பதற்குள் மேசை மேல் இரண்டு குழாய்களை வைத்தேன். ஒன்றில் அப்படியே, ஒன்றில் கேன் தண்ணீர் கலந்து. இரண்டிலும் அவர் கையாலேயே மாத்திரை போடச் சொன்னேன். ஒன்று பளிங்கு. ஒன்று பீட்ரூட்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு புது சோதனை டப்பாவைப் பிரித்து, அடியில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரிக்கு முந்தின வரியில், எறும்பு கால் அளவு எழுத்தில் இருந்தது: க்ளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் வெளுத்துவிடலாம், நீர் கலந்து மறுபடி சோதிக்கவும்.

"உங்க டப்பாலயும் இந்தத் தாள் இருந்திருக்குமே சார்" என்றார்.

இருந்தது. எங்கள் வாஷிங் மெஷினின் ஆடும் காலுக்கு அடியில், எட்டாக மடித்து. அதை வைத்தது நான்தான். தயார் செய்து கொண்டுபோன வசனங்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். கிளம்பும்போது பின்னால் ஒரு ஓட்டல்காரரிடம் அவர் பேசுவது கேட்டது: "பயப்படாதீங்க. நிறம் வரலைன்னா உடனே ஜீரோன்னு நம்பிடாதீங்க. தண்ணி கலந்து ஒருதரம் பாருங்க. இதெல்லாம் அனுபவத்துல வர்றது." ஸ்கூட்டரைக் கிளப்பும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் என் கண்டுபிடிப்பு, என் பெயர் இல்லாமல், தொழிலுக்கு வந்துவிட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தண்ணீர் கலக்காமலே ரோஸ் வந்தது. மெல்லிய ரோஸ். அட்டையில் இரண்டு. கலந்தும் ஒருமுறை பார்த்தேன், சூடுபட்டவன் அல்லவா. குளத்தின் அடியில் பதித்திருந்த நீல ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

ஒன்பது மணிக்குக் கட்டிடமே வந்துவிட்டது. பெண்கள் ஐந்து பேரும் ஓரத்தில் நின்றார்கள். மாமா வெள்ளை வேட்டியும் திருமண்ணுமாக முன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஓய், ஒரு வாரமா இதை மூடி வெச்சிருந்தீரே. மருந்து ஜாஸ்தியோன்னு வாட்ச்மேன் சொல்றார். அவர் துண்டைப் பாத்தேன். இவாள்ளாம் இறங்கலாமோ? நீர் கேரண்டி சொல்றீரா?"

இந்தக் கேள்வி புதன்கிழமை வந்திருந்தால் நான் கொள்ளிடம் பக்கம் ஓடியிருப்பேன். அன்றைக்குக் குழாயை எடுத்தேன். எல்லோர் முன்னாலும் தண்ணீர் மொண்டு, மாத்திரை போட்டுக் குலுக்கி, ரோஸைக் காட்டினேன். இன்னொரு குழாயில் ஒன்றுக்கு ஒன்பது கலந்து, வெறும் சாயல் மட்டும் வருவதையும் காட்டினேன். என் தப்பையும் சொன்னேன். முப்பது என்ற எண்ணையும், வாஷிங் மெஷின் காலையும், எதையும் விடாமல். மாமா இரண்டு குழாய்களையும் வாங்கி, ஒரு வாத்தியார் நோட்டுத் திருத்துவதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விகிதம் சரியா இருக்கு. இறங்கச் சொல்லும்" என்று குழாய்களைத் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கை தட்டினார்கள். ஐந்தாவதாக அவள் இறங்கினாள்.

நான் மோட்டார் ரூம் கதவருகே நின்றேன். அவள் சுவரை உதைத்துக் கிளம்பினாள். அழகான நீச்சல் என்று சொல்ல மாட்டேன். கை மாவு பிசைகிற மாதிரி போகும், கால் கொஞ்சம் கோபமாக அடிக்கும். பாதி வந்தது. அந்த இடம். அவளுடைய இடது கால் ஒரு கணம் கீழே இறங்குவதைப் பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. கட்டை விரல் தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது கால் மேலே போய்விட்டது. தலை ஒருமுறை திரும்பி, வாய் திறந்து மூச்சை வாங்கி, மறுபடி உள்ளே போனது. வாளிக்குள் கேட்ட அதே குமிழிகள். பிறகு கை சுவரில் பட்டது. படார் என்று சத்தம் கேட்கும்படி அறைந்தாள்.

எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, என்னைத் தேடினாள். நான் கை தட்டவில்லை. இரண்டு கையிலும் ரோஸ் தண்ணீர்க் குழாய்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் அண்ணன்தான் என் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கினார். "அழுறீங்களா சார்?" என்றார். "க்ளோரின்ணே" என்றேன். "ரெண்டுதான்னு இப்பச் சொன்னீங்களே" என்றார்.

பத்து மணிக்குக் கூட்டம் நடந்தது. தீர்மானம் நான்கு வந்ததும் மாமா நோட்டைப் பார்த்தார், ஈரத் தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் பார்த்தார். "பயன்படுத்தாததால்னு எழுதியிருக்கு. அந்த வார்த்தை இப்போ பொருந்தலை. அடிச்சுடறேன்" என்று ஒரு கோடு போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அறங்காவலர் பழைய ஆளே தொடரட்டும். பரீட்சையில தப்பு பண்ணி, தானே கண்டுபிடிச்சுத் திருத்தினவன் மறுபடி அந்தத் தப்பைப் பண்ண மாட்டான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது நான் இல்லை, மிளகாய்ப் பொடி என்று அன்று மாலையே மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது என்று கேள்வி.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அவள் வையம்பட்டிக்குப் போன் போட்டாள். மூத்த அண்ணன் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அண்ணே, நான் இன்னிக்கு முழுசா நீஞ்சிட்டேன்."

"அடி சக்கை. எம்புட்டு ஆழம்?"

"நாலரை அடி."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலரை அடியா? ஏம்மா, அதுல நடந்தே போயிருக்கலாமே."

அவள் துண்டை உதறி நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். அவசரமே இல்லை.

"நடக்கத்தான் எனக்கு ஏற்கெனவே தெரியுமேண்ணே" என்றாள்.